மலையகத்து இடங்களைக் காட்டும் வரைபடக் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கோட் எழுதப் பழகும் பிள்ளைகள் பலருக்கு ஒரே ஆசைதான். நம் ஊர் இடங்களை ஒரு வரைபடத்தில் போட வேண்டும், போனில் தட்டினால் விவரம் வரவேண்டும். இடம் என்றால் நீர்வீழ்ச்சி, கோயில், பாடசாலை, டிஸ்பென்சரி, கொழுந்து நிறுக்கும் மடுவம் எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதில் கோட் எழுதுவது சின்ன வேலை. எது இடம், எந்தப் பெயர், எந்தப் புள்ளி என்று முடிவெடுப்பதில்தான் நாள் போகும். பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும்.

கூகுள் மேப்ஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தையும் நுவரெலியா கிரகரி வாவியையும் காட்டத்தான் என்றால் ஒன்றும் தேவையில்லை. அவை எல்லா வரைபடத்திலும் படத்தோடு இருக்கின்றன. இல்லாதவை நம் ஆட்களுக்கு அன்றாடம் வேண்டியவை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவு டிஸ்பென்சரி எந்த நாளில் திறக்கும், டவுன் பஸ் எந்த முடக்கோடு திரும்பிவிடும், மேல் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) லொறி ஏறுமா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து பாடசாலைக்குக் குறுக்குப் படிக்கட்டு உண்டா? இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெளியிலிருந்து வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கோ புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியருக்கோ தெரியாது. உங்கள் வரைபடம் அவர்களுக்காக என்றால் செய்யுங்கள்.

அவசரமாக இருபது முப்பது இடங்களைப் போட்டுக் காட்டினால் போதும் என்றால், கூகுள் மை மேப்ஸ் அல்லது யூமேப் போதும். இரண்டிலும் ஒரு வரி கோட் தேவையில்லை. அதை விட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்காருவது வீம்பு.

எவ்வளவு புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும்?

எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும். வலைப்பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற கோட் நூலகம் உக்ரைனைச் சேர்ந்த விளாடிமிர் அகஃபோன்கின் எழுதி 2011இல் வெளியிட்டது. இலவசம். சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 40 கிலோபைட்தான், ஆகவே மெதுவான இணைப்பிலும் சட்டென்று இறங்கும். வரைபடத்தைத் திறக்க, பின்னணியைப் போட, கோப்பிலிருந்து புள்ளிகளை எடுத்து வைக்க, தட்டினால் பெட்டி திறக்க எல்லாமாகச் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கோட்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கோட் எழுதுவதிலிருந்து வேண்டாம். ஒரு விரிதாளைத் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு தோட்டத்தின் இடங்களை எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மாறாத ஓர் எண், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர், ஊரார் சொல்லும் வேறு பெயர்கள், வகை, அகலாங்கு, நெட்டாங்கு, போகும் வழி பற்றி ஒரு வரி, சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் யார் என்பதற்கு ஒரு குறி. இவ்வளவும் தாளில் இருந்தால் கருவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த மாறாத எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயரையே அடையாளமாக வைத்தால், யாராவது எழுத்துப்பிழையைத் திருத்திய அன்று ஒரே கோயில் இரண்டாகிவிடும்.

வகைகளைக் குறைவாக வையுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் நாற்பது வகை போடுவார்கள். அம்மன் கோயில் ஒரு வகை, முனியாண்டி கோயில் ஒரு வகை, மாடசாமி கோயில் இன்னொன்று என்று போகும். போன் திரையில் ஏழெட்டு வகைக்கு மேல் யாரும் தேடமாட்டார்கள். மிச்சத்தை விவரத்தில் எழுதுங்கள்.

புள்ளியெல்லாம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. ஏன்?

அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிவிட்டன. ஹட்டன் ஏறத்தாழ 6.89 வடக்கு, 80.60 கிழக்கு. இதைத் திருப்பிப் போட்டால் 80.60 வடக்கு, 6.89 கிழக்கு. அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடல்.

குழப்பத்துக்குக் காரணம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையைக் கேட்பது. கூகுள் மேப்ஸில் பிரதி எடுத்தால் அகலாங்கு முதலில் வரும். லீஃப்லெட்டும் அப்படித்தான் கேட்கும். ஆனால் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில், 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 விதிப்படி, நெட்டாங்குதான் முதலில். லீஃப்லெட்டின் ஜியோஜேசன் வசதியைப் பயன்படுத்தினால் அதுவே திருப்பிக்கொள்ளும். கையால் எடுத்து வைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

இலங்கைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. நம் நாட்டில் அகலாங்கு சுமார் 5.9இலிருந்து 9.9 வரை, நெட்டாங்கு 79.5இலிருந்து 82 வரை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே முடியாத எண்கள். ஆகவே கோப்பை ஏற்றும் இடத்திலேயே ஒரு சோதனை போடுங்கள்: இந்த எல்லைக்குள் இல்லாத வரியை ஏற்காதே, சிவப்பில் காட்டு.

இந்தச் சோதனையிலும் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. பழைய குறிப்புகளில் பாகை (டிகிரி), கலை (நிமிடம்) என்று எழுதியிருப்பார்கள். நுவரெலியாவின் 6 பாகை 58 கலையை 6.58 என்று தட்டிவிடுவார்கள். கலையை 60ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 6.967. தவறான எண்ணும் இலங்கைக்குள்ளேதான் விழும், ஆனால் 40 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, பலாங்கொடையையும் தாண்டி. தசமத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் எந்த வரியிலும் 59ஐத் தாண்டவில்லை என்றால் அந்தப் பட்டியலைச் சந்தேகப்படுங்கள்.

நில அளவைத் திணைக்களத்துப் பழைய வரைபடத்தில் எண்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவே?

அவை மீட்டர். இலங்கைக்கென்று உள்ள கட்டமுறை. பழையது கண்டவளை என்ற அளவை அடிப்படையில் அமைந்தது, கட்டத்தை எண்ணத் தொடங்கும் மூலப்புள்ளிக்கு 2,00,000, 2,00,000 என்று எண் கொடுத்திருப்பார்கள். 1999ஆம் ஆண்டுக் கட்டமுறையில் அதே எண் 5,00,000. மூலப்புள்ளி இருப்பது நம் பிதுருதலாகலை உச்சியை ஒட்டி. அதனால் நுவரெலியா நகரத்து இடம் ஒன்றின் இரண்டு எண்களும் 2 லட்சத்தை ஒட்டியிருந்தால் பழைய முறை, 5 லட்சத்தை ஒட்டியிருந்தால் புதிய முறை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழையதற்கு ஈபிஎஸ்ஜி (கட்டமுறைகளுக்குக் கொடுத்த எண்) 5234, புதியதற்கு 5235 என்று தெரிவுசெய்து, 4326க்கு மாற்றச் சொன்னால் சாதாரண அகலாங்கு நெட்டாங்கு கிடைக்கும். கையால் கணக்குப் போடாதீர்கள்.

தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டும்?

ஐந்து. நான்காவது இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டர் சொச்சம். போன் அதற்கு மேல் கொடுக்கும் இலக்கங்கள் வெறும் அலங்காரம். சவுக்கு மரங்களுக்கடியிலும் செங்குத்தான சரிவை ஒட்டியும் நிற்கும்போது போனே பத்திருபது மீட்டர் தள்ளிக் காட்டும். கொஞ்சம் வெளிப்பாக நின்று, நீல வட்டம் சுருங்கும்வரை பொறுத்து எடுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருவது, போன் கோபுரத்திலிருந்து அல்ல. டேட்டா இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்று. தோட்டத்துப் பிள்ளைகளிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, படத்துக்குள் இருக்கும் இடத் தகவலை எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது இருப்பிடத்தைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

நீர்வீழ்ச்சிக்குப் புள்ளியை எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார் என்பேன். தலவாக்கலைக்குப் போகும் ஏ7 வீதியில் டெவன் நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வேனில் வருகிறவர்கள் வீதியோரத்தில் நிறுத்தி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் விழும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் விழுவது ஓரிடம், பார்ப்பது வேறிடம், நடுவே பள்ளம். நீங்கள் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால், வழிகாட்டும் செயலி அதற்கு மிக அருகிலுள்ள பாதையைத் தேடும். அது ஏதாவது தோட்டத்துக் கல்பாதையாக இருந்தால் வேனை அதற்குள் இறக்கிவிடும். சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கும் இதே கதைதான்.

ஆகவே ஒரு இடத்துக்கு இரண்டு புள்ளி வையுங்கள். இடம் இருக்கும் புள்ளி ஒன்று, போய்ச் சேரும் புள்ளி ஒன்று. வரைபடத்தில் குறி தெரிவது முதலாவதில், ‘வழி காட்டு’ பொத்தான் போவது இரண்டாவதுக்கு. பெரும்பாலான இடங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அப்போது இரண்டாவதை வெறுமையாக விடலாம்.

சிவனொளிபாதமலைக்குப் போய்ச் சேரும் புள்ளி ஒன்று போதாது. மஸ்கெலியா வழியாக வருபவர் நல்லதண்ணியில் ஏறத் தொடங்குவார், இரத்தினபுரிப் பக்கம் வருபவர் பலாபத்தலையில். 2,243 மீட்டர் உச்சியில் குத்திய புள்ளிக்கு எந்த வேனும் போகாது. அதோடு பருவம் வேறு இருக்கிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான் யாத்திரைக் காலம், மற்ற மாதங்களில் மழையும் காற்றும். ‘எப்போது’ என்ற ஒரு நிரலையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரி திறக்கும் நாளுக்கும் அதே நிரல் உதவும்.

ஒரே இடத்துக்கு நாலு பெயர் இருக்கிறது. எதைப் போடுவது?

நாலையும் போடுங்கள். எதைக் காட்டுவது என்பது வேறு, எதைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்பது வேறு. காட்டுவதற்கு ஒரு பெயர் போதும். தேடலுக்கு எல்லாப் பெயரும் வேண்டும். கம்பனிப் பதிவேட்டில் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர் இருக்கும், பஸ் நடத்துனர் கூவுவது வேறாக இருக்கும், லயத்தில் பாட்டி சொல்வது இன்னொன்றாக இருக்கும். பாட்டி சொல்லும் பெயரை எழுதிவைக்க இதுதான் சந்தர்ப்பம். எந்த அலுவலகத்திலும் அது பதிவில் இருக்காது. என்னைக் கேட்டால் கருவியை விட அந்த நிரலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

எழுத்து வேறுபாட்டையும் தேடல் தாங்க வேண்டும். ஹட்டன், அட்டன், ஹப்புத்தளை, அப்புத்தளை, நுவரெலியா, நுவரேலியா. இதற்கு ஒரு சுருக்கு வழி: தேடலுக்கென்று ஒரு மறைவான வடிவம் செய்துவைத்து, சொல் தொடக்கத்து ஹகரத்தை அகரமாக்கி, குறில் நெடில் ஏகார எகரத்தை ஒன்றாக்கிவிடுங்கள். பயனர் தட்டுவதையும் அதேபோல் மாற்றி ஒப்பிட்டால் பெரும்பாலானவை அகப்படும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் தேடினால் கிடைப்பதில்லை. கொட்டகலை அப்படியே இருக்கிறது, ஆனால் வரவில்லை.

யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் அதற்குப் பின் காலுமாக இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு சொல். கொட்டகலையும் பொகவந்தலாவையும் இப்படி அடிக்கடி அகப்படும். ஜாவாஸ்கிரிப்டில் நோர்மலைஸ் என்ற செயல்பாட்டுக்கு என்எஃப்சி என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடும்போதும் செய்யுங்கள்.

பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் நிறைய பாமினிக் கோப்புகள் இருக்கின்றன. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். எக்செல்லில் சிஎஸ்வியை (விரிதாளை வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பை) திறந்து தமிழ் சிதைந்து தெரிந்தால் பதற வேண்டாம், மூடுங்கள், சேமிக்காதீர்கள். யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று சொல்லி மறுபடி இறக்குங்கள்.

பின்னணி வரைபடத்துக்கு யாரிடம் போவது?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இலவசம் என்றாலும் நிபந்தனை உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற குறிப்பு மூலையில் தெரிய வேண்டும். அழகுக்காக அதை மறைத்துவிட்டுக் காட்டும் பிள்ளைகள் உண்டு, அது கூடாது. அவர்களுடைய சேவையகத்திலிருந்து வரைபடச் சதுரங்களை மொத்தமாக இறக்கிச் சேமிக்கவும் அனுமதி இல்லை. பெயரைக் கொடுத்து இடம் தேடித்தரும் நொமினாட்டிமும் அப்படித்தான்: ஒரு விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக்கூடாது, தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டியை அதோடு இணைக்கக்கூடாது. உங்களிடம் இருப்பது சில நூறு இடம்தான் என்றால் அந்தச் சேவையே வேண்டாம், போனிலேயே தேடலாம்.

தோட்டத்துக்குள் இணையமே வராது. வரைபடம் எப்படித் திறக்கும்?

இரண்டு வழி. கடினமானது: சர்வீஸ் வேர்க்கர் (இணையம் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்கவைக்கும் கோட்) போட்டுக் கருவியைப் போனில் சேமித்து, பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இலங்கைத் தரவை ஜியோஃபாப்ரிக் தளத்திலிருந்து இறக்கி, தேவையான மலைப்பகுதியை மட்டும் வெட்டி, பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றை வரைபடக் கோப்பாக்கி அதையும் கூடவே வைப்பது. சுலபமானது: உங்கள் இடங்களை, வரைபடச் செயலிகள் படிக்கும் கேஎம்எல் கோப்பாக வெளியே கொடுத்து, ஓர்கானிக் மேப்ஸ் செயலியில் திறக்கச் சொல்வது. அதில் இலங்கை வரைபடத்தை வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு சிக்னலே வேண்டாம். நான் இரண்டாவதையே முதலில் செய்யச் சொல்வேன். அப்புறம் நேரம் இருந்தால் முதலாவதைப் பாருங்கள்.

‘அருகிலுள்ள இடம்’ என்று காட்டுவது நடைமுறையில் அருகில் இல்லையே?

நேர்கோட்டுத் தூரம் கணக்கிட்டால் மலையில் அப்படித்தான் ஆகும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்பில் நின்றால் 800 மீட்டருக்கும் அதிகமான செங்குத்துக்குக் கீழே தேயிலைத் தோட்டம் தெரியும். கணினி அதை மிகப் பக்கம் என்று சொல்லும். வாகனத்தில் போவதென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அருகிலுள்ள டிஸ்பென்சரி என்று ஆற்றுக்கு அக்கரையில் ஒன்றைக் காட்டினால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் கதி என்ன?

ஓஎஸ்ஆர்எம் போன்ற வழித்தேடல் இயந்திரத்தை நிறுவிப் பாதைத் தூரத்தைக் கேட்கலாம். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தோட்டப் பாதைகள் அரைகுறையாக இருக்கும் பகுதியில் அதுவும் ஏமாற்றும். சின்னக் கருவிக்கு என் யோசனை: ஒவ்வொரு இடத்துக்கும் அது எந்தப் பாதையில் இருக்கிறது என்ற நிரல் ஒன்றைச் சேர்த்து, ஒரே பாதையில் உள்ளவற்றை முதலில் காட்டுங்கள். கிலோமீட்டரை எடுத்துவிட்டு, கொழுந்துக் கூடையோடு நடப்பவருக்கு எத்தனை நிமிடம், முச்சக்கரவண்டிக்கு எத்தனை நிமிடம் என்று ஊராரையே கேட்டு எழுதினாலும் நல்லது.

இரட்டைப் பரிமாண வரைபடம் திணறும் இடம் பார்க்க ஆசை என்றால் தெமோதரை ரயில் நிலையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதை ஒரு வளையம் அடித்து வந்து, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்தில் போகும். ஒரே புள்ளியில் இரண்டு உயரம். எந்தத் தண்டவாளத்தில் நிற்கிறீர்கள் என்று போனைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

குறிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடுகின்றன.

பக்கத்துப் பக்கத்துக் குறிகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மார்க்கர்கிளஸ்டர் என்ற லீஃப்லெட் துணைநிரல் இருக்கிறது. போட்டால் சரி.

வீடுகளையும் போடலாமா?

லயத்தைப் போடலாம், லயத்துக்குள் எந்தக் காம்பராவில் (அறையில்) யார் என்று போடாதீர்கள். தோட்டத்தில் தபால்கூட அலுவலகத்துக்கு வந்துதான் ஆட்களிடம் போகும், தனி முகவரி இல்லாதது பெரிய குறைதான். அதற்காகப் பெயரும் வீடும் சேர்ந்த பட்டியலை இணையத்தில் வைப்பது தீர்வாகாது. பெண்கள் குளிக்கும் பீலிக்கரையைச் ‘சிறு அருவி’ என்று குறித்துச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பிவைக்கவும் வேண்டாம். எந்த இடத்தையும் போடுமுன் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். தோட்டப் பாதை தனியார் பாதை என்றால் அதையும் விவரத்தில் எழுதுங்கள்.

சேர்த்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் போடலாமா?

பாடசாலை, கோயில், பாலம் போன்ற நிரந்தரமானவற்றைத் தாராளமாக. அங்கே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்க் குறிச்சொல் உண்டு, வழக்குப் பெயருக்கும் உண்டு. ஆனால் கூகுளைப் பார்த்து எழுதிய எதையும் போடாதீர்கள், உரிமம் இடம் தராது. நேரில் போய் எடுத்தது மட்டும்.

ஒருமுறை செய்தால் போதுமா?

போதாது. மலை நிலம் அசைவது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அதற்கு முன் வரைந்த எந்த வரைபடத்திலும் அந்த லயங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் சரிபார்த்த தேதியைத் தாளில் மட்டுமல்ல, தட்டினால் திறக்கும் பெட்டியிலும் காட்டச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் பார்க்காத இடத்தின் குறி மங்கலாகத் தெரியட்டும்.

உங்கள் வரைபடத்தை மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆபத்து வலயங்களை வரைவதும் எச்சரிக்கை விடுவதும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. மழை நாளில் அவர்கள் அறிவிப்பையே பார்க்கச் சொல்லுங்கள்.

பிழையைப் பார்க்கிறவர் எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு பெட்டியிலும் ‘இது தவறு’ என்று ஒரு பொத்தான். தட்டினால் குறியை இழுத்துச் சரியான இடத்தில் விடவும், ஒரு வரி எழுதவும் முடிந்தால் போதும். பதிவு, கடவுச்சொல் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எழுதச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்துக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லலாம். வந்த திருத்தம் நேராக வரைபடத்துக்குப் போகக்கூடாது. அந்தப் பிரிவு ஆள் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே தாளில் மாற்றுங்கள், சரிபார்த்த தேதியையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.